ரெண்டு தரம் என்றதும் அழுத்த வேண்டிய பொத்தான்

மும்பையிலோ பெங்களூரிலோ நாணய ஏலம் நடக்கும்போது, மேடையில் சுத்தியலோடு நிற்பவரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இணையத்தில் கேட்பவர்களை அந்த அரங்கத்தோடு சேர்த்துவைக்கும் குமாஸ்தா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி அறையில் இருந்தாலும் வேலை நடக்கும். தனித்தனி நிறுவனங்களின் இரண்டு இணைய இணைப்பு, ஒரு இன்வெர்ட்டர், பேட்டரி நிற்கும் மடிக்கணினி. இடவப்பாதி மழைக் காலத்து மின்சாரத்தை நம்பி இந்த வேலைக்கு இறங்கக் கூடாது.

வேலை முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. முதலில் அட்டவணை. லாட் எண், படம், விவரம், தொடக்க விலை நான்கும் திரையிலும் அச்சுப் பிரதியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துத் திருவிதாங்கூர் காசுகள் வந்தால் கூடுதல் கவனம். ஸ்ரீமூலம் திருநாள் காலத்துச் சின்னக் காசுகள் சிலவற்றில் ஆர், வி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும்; சித்திரைத் திருநாள் காலத்தவை சிலவற்றில் பி, ஆர், வி. இரண்டிலும் மறுபக்கம் சங்குதான். விவரத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் ராஜாவே மாறிவிடுவார். ஆண்டும் அப்படித்தான்: அரை ரூபாயில் 1112 என்றிருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது 1936–37. அதைப் பார்த்துவிட்டு தொள்ளாயிரம் வருஷப் பழசா என்று கேட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகப் பதில் போட வேண்டும்.

பிறகு, கேட்கப் பதிவு செய்தவர்களின் பட்டியல். வளைகுடாவிலிருந்து கேட்பவர்கள் நிறையப் பேர். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. துபாயில் இருப்பவர் கேட்கலாம், வாங்கலாம், நாணயம் இங்கேதான் இருக்க வேண்டும். இதை ஏலத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பணம் கட்டிய பிறகு சொன்னால் சண்டை.

மூன்றாவது, முன்கூட்டி எழுதிக் கொடுத்த உச்ச விலைகள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு லாட்டின் தொடக்க விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20,000 வரை போகலாம் என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் 16,000 வரை. படி ஆயிரம் ரூபாய். ஏலம் பத்திலும் தொடங்காது, இருபதிலும் தொடங்காது. முதலாமவர் பேரில் 17,000இல் தொடங்கும். அரங்கத்தில் ஒருவர் 18,000 என்றால் நம்மவர் 19,000. அவர் 20,000 என்றால் நம்மவருக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை. அதே இருபதாயிரத்தை எழுதியிருந்தும் லாட் கைவிட்டுப் போகும். முறை யாருடையது என்பதுதான் காரணம். மறுநாள் அவர் தொலைபேசியில் கேட்பார். கணக்கைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏலம் தொடங்கியதும் கண் திரையில், காது ஹெட்போனில். அரங்கத்தில் கை தூக்கியதும் ‘அரங்கம்’ பொத்தான். இணையத்தில் ஏலக் கேள்வி வந்ததும் அதை ஏலக்காரர் காதில் சொல்லி, அவர் ஏற்றபின் அடுத்த படி. போடிநாயக்கனூர் ஏலக்காய் மின் ஏலத்தில் இந்த இழுபறி இல்லை. அங்கே வியாபாரிகள் எல்லோரும் ஆளுக்கொரு கணினி முன் இருப்பதால், யார் முந்தினார் என்று இயந்திரமே சொல்லிவிடும். இங்கே ஒரு காலை அரங்கத்திலும் ஒரு காலை இணையத்திலும் வைத்து நிற்க வேண்டியிருக்கிறது.

தாமதம்தான் பெரிய எதிரி. வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் படம் சில நொடிகள் பிந்தித்தான் போய்ச் சேரும். ஏலக்காரர் எந்த மொழியில் சொன்னாலும் நம் ‘ரெண்டு தரம்’ வந்துவிட்டால், எச்சரிக்கைப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். படம் வருவதற்கு முன்பே அந்தச் சிவப்பு வரி அவர்கள் திரையில் தெரிந்துவிடும். அழுத்தியதும் மனசுக்குள் மூன்று எண்ணுவது என் வழக்கம். ஏலக்காரர் அவசரக்காரராக இருந்தால் ‘பொறுங்கள்’ என்று சொல்லத் தயங்கக் கூடாது. சுத்தியல் விழுந்த பிறகு வந்த கேள்வியைத் திறப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, குமாஸ்தாவின் முடிவு அல்ல. கேள்வி வந்த நேரத்தை நொடி சுத்தமாகச் சொல்வதோடு நம் பொறுப்பு தீர்ந்தது.

ஒவ்வொரு லாட்டுக்கும் விலை, வென்றவர் எண் இரண்டையும் நோட்டிலும் கையால் எழுதுங்கள். இணைப்பு அறுந்தால் அந்த நோட்டுதான் கணக்கு. முடிந்ததும் ஏலக்காரரின் குறிப்போடு ஒப்பிட்டு, விலைபோகாதவற்றைத் தனியே பிரித்து, சுத்தியல் விலைக்கு மேல் நிறுவனக் கமிஷனும் ஜிஎஸ்டியும் சேர்த்து விலைப்பட்டியல் போடுவதோடு அன்றைய வேலை முடிகிறது.

ஏலம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி நொடியில் தட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்களால் முடிந்த உச்ச விலையை, கமிஷனையும் வரியையும் கழித்துப் பார்த்து, முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.