கிலோ விலையா, கிளாஸ் விலையா? உதிரித் தேயிலை வாங்கும்போது போட வேண்டிய கணக்கு

நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார்கள். மல்லாட்டையை உடைத்து, மூட்டைக்குப் பருப்பு எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். கரும்பு என்றால் எத்தனை டன் என்பதோடு, சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். அதே விவசாயக் குடும்பம் மளிகைக் கடையில் தேயிலைத் தூள் வாங்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கிலோ எவ்வளவு?"

புதுச்சேரி - கடலூர் சாலையில் உள்ள தவளக்குப்பத்தின் பக்கத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்யும் ஒரு குடும்பமும் அப்படித்தான் கேட்டது. சம்பா நடவு தொடங்கும் நேரம். நடவுக்கு 14 பேர். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வயலுக்கு டீ போக வேண்டும். கடையில் இரண்டு சாக்குகளில் தேயிலைத் தூள் இருந்தது. ஒன்று கிலோ 240 ரூபாய், மற்றொன்று 320 ரூபாய். "நிறைய பேருக்குப் போடுற டீதானே" என்று 240 ரூபாய்த் தூளில் ஒரு கிலோ வாங்கி வந்தார் வீட்டுக்காரர்.

வழக்கமாகப் போடும் அளவு போட்டால் டீயில் நிறம் ஏறவில்லை. வீட்டுக்கார அம்மா இன்னும் கொஞ்சம் தூள் சேர்த்தார். கூடுதல் நேரம் கொதிக்கவிட்டார். நிறம் வந்தது, கூடவே கசப்பும் வந்தது. கசப்பை மறைக்கச் சர்க்கரையும் கூடியது. தூக்கில் ஊற்றி வயலுக்குக் கொண்டுபோனால், பாதி கிளாஸ் குடித்துவிட்டு மீதியை வரப்பில் ஊற்றினார்கள். "என்னக்கா இது, டீயா சாயத்தண்ணியா?" என்று ஒரு பெண் கேட்டேவிட்டார். நடவுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் காலத்தில், இது சிரித்துவிட்டுப் போகிற பேச்சல்ல. அன்று இரவு அந்த அம்மா காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு கிளாஸுக்கு என்ன செலவு?

வயலுக்கு 28 கிளாஸ், வீட்டுக்கு 4 கிளாஸ் என்று ஒரு நாளைக்கு 32 கிளாஸ். ஒரு கிளாஸ் 100 மில்லி. மலிவுத் தூளில் கிளாஸுக்கு 3 கிராம் தேவைப்பட்டது. அப்படியானால் நாளொன்றுக்கு 96 கிராம். செலவு 23 ரூபாய். ஒரு கிலோ பத்து நாளில் தீர்ந்துவிடும்.

320 ரூபாய்த் தூளை மறுநாள் கொஞ்சம் வாங்கிப் போட்டுப் பார்த்தபோது, கிளாஸுக்கு 2 கிராம் போதுமானதாக இருந்தது. நாளொன்றுக்கு 64 கிராம். செலவு 20 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ பதினைந்து நாள் வரும். கிலோ விலையில் 80 ரூபாய் குறைவாக இருந்த தூள், கிளாஸ் விலையில் 72 காசு ஆனது. 80 ரூபாய் கூடுதலாக இருந்த தூள் 64 காசுதான்.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று உண்டு. ஒரு கிளாஸில் 50 மில்லி பால், 10 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். பால் லிட்டர் 50 ரூபாய், சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்றால், கிளாஸுக்குப் பாலும் சர்க்கரையும் சேர்ந்து 2 ரூபாய் 95 காசு. 32 கிளாஸுக்கு 94 ரூபாய்க்கு மேல். தூளின் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தச் சில காசை மிச்சப்படுத்தப் போய், மூன்று ரூபாய்ப் பாலையும் சர்க்கரையும் வரப்பில் ஊற்றவைப்பது என்ன சிக்கனம்?

மலிவான தூள் எல்லாமே நஷ்டம் என்று இதற்குப் பொருளல்ல. அதே 240 ரூபாய்த் தூள் 2 கிராமிலேயே நல்ல டீ தந்திருந்தால், கிளாஸுக்கு 48 காசுதான். அதுதான் லாபமாக இருந்திருக்கும். இங்கே விலை வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு. தூள் செலவாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், மலிவு மலிவாக இருக்காது. எந்தத் தூளுக்கும் இந்த ஒரு கணக்குப் போதும்.

இலையா, தூளா?

கடைச் சாக்கில் இருப்பது பெரும்பாலும் சி.டி.சி. முறையில் தயாரான தேயிலை. பச்சை இலையை உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை இது. 1930-களில் அசாமில் உருவானது. நிறமும் கடுப்பும் சீக்கிரம் இறங்கும், பாலுக்கு ஏற்றது. இன்னொன்று ஆர்த்தடாக்ஸ் எனப்படும் பழைய முறை. இலையை உருட்டி முறுக்கிக் காயவைப்பதால் நீளமாக இருக்கும். வாசனை அதிகம், நிறம் மெதுவாக இறங்கும். பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு ஏற்றது.

சி.டி.சி.யிலும் உருண்டையாக இருக்கும் ரகம், நைஸான டஸ்ட் ரகம் என்று சலித்துப் பிரிக்கிறார்கள். பி.ஓ.பி., பி.டி., எஸ்.ஆர்.டி. என்று மூட்டைகளில் காணப்படும் எழுத்துகள் துகளின் அளவைச் சொல்பவை. தரத்தைச் சொல்பவை அல்ல. நல்ல இலையில் வந்த டஸ்ட், முற்றிய இலையில் வந்த உருண்டைத் தூளைவிட நன்றாகவே இருக்கும்.

கரண்டிக் கணக்கும் ஏமாற்றும். நீள இலைத் தேயிலை இலேசானது, டஸ்ட் கனமானது. ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை வராது. ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் எடையில்தான் ஒப்பிட வேண்டும்.

50 கிராமில் ஒரு சோதனை

புதிய தூளைக் கிலோ கணக்கில் வாங்குவதற்கு முன் 50 கிராம் வாங்கிச் சோதிப்பது நல்லது. சிறு தராசு இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். 50 கிராம் தூளை ஒரு தாளில் கொட்டி, 25 சம பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 2 கிராம். தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலகத் தர அளவும் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்றுதான் சொல்கிறது.

ஒப்பிட வேண்டிய தூள்களைத் தனித்தனி கிளாஸில் 2 கிராம் போட்டு, கொதிக்கும் தண்ணீர் 100 மில்லி ஊற்றி, மூடி வைத்து, 6 நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். பிறகு மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிகாஷன். தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்க வேண்டும். கலங்கி, மங்கிய கறுப்பாக இருந்தால் தரம் குறைவு. இரண்டாவது, வடிகட்டியில் தங்கிய சக்கை. செம்பு நிறத்தில் இருந்தால் நல்லது; நாரும் காம்பும் அதிகமிருந்தால் முற்றிய இலை. மூன்றாவது, பால் ஊற்றிய பிறகு வரும் நிறம். நல்ல தேயிலை செம்மஞ்சளாக மாறும். மட்டமானது சாம்பல் நிறத்துக்குப் போகும். கடைசியாக, சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

சாயம் கலந்திருந்தால்

மலிவு என்பது வேறு, கலப்படம் என்பது வேறு. பயன்படுத்திய தேயிலைச் சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பதும், முந்திரிப்பருப்பின் மேல்தோல் போன்றவற்றைப் பொடித்துச் சேர்ப்பதும் நடக்கின்றன. தேயிலையில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் அனுமதி இல்லை.

இதற்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொல்லும் எளிய சோதனை உண்டு. வடிதாளின் மேல் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். தூளை எடுத்துவிட்டுத் தாளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல தேயிலை கறை விடாது. சாயம் இருந்தால் கரும்பழுப்புக் கறை தாளிலேயே நின்றுவிடும். அப்படி நின்றால், அந்தத் தூளைத் தூக்கி எறியாமல் அப்படியே வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்வது அடுத்தவருக்கும் உதவும்.

பாக்கெட்டில் தயாரித்த தேதியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். உதிரித் தூளில் இவை இருப்பதில்லை. ஆகவே, எந்தக் கடையில் தூள் வேகமாக விற்றுப் புதிது புதிதாக வருகிறதோ அங்கே வாங்குவதுதான் பாதுகாப்பு. தேயிலை ஈரத்தையும் வாசனையையும் சட்டென்று இழுக்கும். கருவாட்டுக்கும் சோப்புக்கும் பக்கத்தில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில், எவ்வளவு உயர்ந்த தேயிலையும் கெட்டுவிடும்.

விலை கூடினால் போதுமா?

போதாது. கிலோ 800 ரூபாய் நீள இலைத் தேயிலையை வாங்கிப் பாலில் கொதிக்கவிட்டால், விலை கொடுத்து வாங்கிய வாசனை ஆவியோடு போய்விடும். கிளாஸுக்குத் தூள் செலவு 1 ரூபாய் 60 காசு, பலன் இல்லை. பால் டீக்கு, 2 கிராமில் நிறமும் கடுப்பும் தரும் சி.டி.சி. தூளே ஏற்றது. தவளக்குப்பத்துக் குடும்பம் இப்போது 320 ரூபாய்த் தூளையே அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்குகிறது. தண்ணீர் கொதித்த பின் தூள் போட்டு, சில நிமிடம் விட்டுப் பால் சேர்க்கிறது. வயலிலிருந்து திரும்பும் தூக்கில் மிச்சம் இருப்பதில்லை.

மலையிலும் இதே கேள்விதான்

இந்தத் தூளுக்குப் பின்னாலும் ஒரு சிறு விவசாயி இருக்கிறார். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ளினால் தரம் உயரும், எடை குறையும். முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்து அறுத்தால் எடை கூடும், தரம் சரியும். பச்சை இலைக்கு எடையை மட்டும் பார்த்து ஒரே விலை என்றால், யார்தான் கிள்ளிப் பறிப்பார்கள்?

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்ட்கோசர்வ் 1965-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிடைக்கும் ஊட்டி டீ இந்த இலையில் வருவதுதான். இவ்வளவு இருந்தும் விலைப் பிரச்னை தீரவில்லை. 2023 செப்டம்பரில், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுக் கோத்தகிரிப் பகுதியில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நெல்லுக்கும் கரும்புக்கும் விலை கேட்டு நின்ற கைகளுக்கு அந்த வலி புரியும். வாங்குபவர் கிலோ விலையை மட்டும் கேட்கும்வரை, விளைவிப்பவருக்கும் எடைக்கு மட்டுமே கூலி கிடைக்கும்.

வாசகர் கேள்விகள்

*ஐந்து கிலோவாக வாங்கினால் கிலோவுக்கு 20 ரூபாய் குறைகிறது. வாங்கி வைக்கலாமா?*

ஒரு மாதத்தில் தீரும் என்றால் வாங்கலாம். நாளொன்றுக்கு 4 கிளாஸ் போடும் வீட்டுக்கு மாதம் கால் கிலோவே போதும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். திறந்து வைத்த தூள் சீக்கிரம் வாசனை இழக்கும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்ல வழி. காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும்.

*தூளில் காந்தம் வைத்தால் சிறிது கறுப்புத் துகள் ஒட்டுகிறது. கலப்படமா?*

சி.டி.சி. உருளைகள் இரும்பால் ஆனவை. அவை தேய்வதால் மிகச் சிறிய அளவில் இரும்புத் துகள் வரும். கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. காந்தத்தில் தாடி போலக் கொத்தாக ஒட்டினால், அந்தத் தூளைத் தவிர்த்துப் புகார் செய்யலாம்.

*டீ வடிகட்டிய சக்கையைச் செடிக்குப் போடலாமா?*

போடலாம். பாலும் சர்க்கரையும் போக நன்றாகக் கழுவ வேண்டும். இல்லையென்றால் எறும்பு வரும். வேரோடு குவிக்காமல், மக்குக் குழியில் சேர்த்து மக்கிய பின் போடுவதே சிறந்தது.