‘ஹெச். பைலோரி பாசிட்டிவ்’: எந்தச் சோதனையில்?

தீராத மேல்வயிற்று வலி, ஏப்பம், குமட்டல் என்று போனால் ‘ஹெச். பைலோரி பார்த்துவிடுங்கள்’ என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெச். பைலோரி என்ற இந்தக் கிருமியைக் கைகாட்டினார்கள். எடுபடாமல் போகவே, 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி வழிவகுக்கலாம். தொற்று உள்ள பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை.

சிக்கல் சோதனையில் இருக்கிறது. ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள் பார்ப்பது சுலபம். ஆனால் கிருமி ஒழிந்து பல மாதங்கள் ஆனாலும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கியிருக்கும். தொற்று இப்போது இருக்கிறதா, என்றைக்கோ வந்து போனதா என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது. சிகிச்சை முடிந்தபின் இதையே திரும்ப எடுத்து, ‘இன்னும் பாசிட்டிவ்’ என்று இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் விழுங்குவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

நடப்புத் தொற்றைக் காட்டுபவை மூச்சுச் சோதனையும் மலத்தில் ஆன்டிஜென் பார்ப்பதும். மூச்சுச் சோதனைக்கு வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதி, யூரியா கலந்த நீரைக் குடித்து, சுமார் அரை மணி கழித்து மறுபடி ஊத வேண்டும். கிருமி யூரியாவை உடைத்தால் அதிலிருந்த கார்பன் மூச்சில் வெளிவரும். கார்பன்-13 வகையில் கதிரியக்கம் கிடையாது. கார்பன்-14 வகையில் மிகச் சொற்பம் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டாம்.

கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் இந்தச் சோதனைகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், எண்டோஸ்கோபி தேவைப்படும். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.) எண்டோஸ்கோபியின்போது இரைப்பைச் சவ்வில் துணுக்கு எடுத்து மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். ரத்தக்கசிவு உள்ள நேரத்தில் இது தப்பாக நெகட்டிவ் காட்டக்கூடும்.

தப்பான நெகட்டிவுக்கு இன்னொரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது: பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’. சோதனைக்கு 2 வாரம் முன்பு அதையும், 4 வாரம் முன்பு ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளிகள் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும். லேபில் கேட்காவிட்டாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலச் சோதனை செய்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்க வேண்டும். வலி நின்றதும் இதை விட்டுவிடுவதுதான் நம்மவர்கள் வழக்கம். இந்தியாவில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் நிறைய. எனவே மருந்து சாப்பிட்டதாலேயே ஒழிந்துவிட்டது என்று ஆகாது.

என்ன சோதனை, எதற்கு, எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் கவனக்குறைவு என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில்லையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே மருத்துவமனைத் தலைவரிடம் எழுத்தில் புகார் தரலாம்.