சாட்சியில்லாத வியாபாரம்

சென்ற வாரம் மருத்துவமனைக்குள்ளே கழிவுக்கென வைக்கப்படும் நால்வகைக் கலங்களைப் பற்றிப் பேசினோம். ரத்தம் தோய்ந்த பஞ்சும் அறுத்தெடுத்த அவயவங்களும் மஞ்சள் பைக்கும், குழாய்களும் கையுறைகளும் சிவப்புப் பைக்கும், ஊசி முதலான கூரிய கருவிகள் துளைக்க முடியாத வெள்ளைக் கலத்துக்கும், கண்ணாடிப் புட்டிகள் நீலத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவை மருத்துவமனையின் வாசலைத் தாண்டிய பிறகு நேர்வது என்ன என்பதே இந்த வாரத்து விஷயம்.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதைத் தட்டிப் பார்த்து, ஓசையில் குறை தெரிந்தால் கீழே வைத்துவிட்டுப் போகிறார். கழிவை அழிக்கும் தொழிலிலோ, பணம் கொடுக்கும் மருத்துவமனை எந்தப் பொருளையும் கையில் பெறுவதில்லை. தன்னிடமிருந்த ஒன்று உலகத்தில் இல்லாமற் போக வேண்டும் என்பதற்காகவே அது பணம் கொடுக்கிறது. அப்படி இல்லாமற் போயிற்றா என்று பின்னால் சென்று பார்ப்பவர் அநேகமாக எவருமில்லை. கட்டணமோ பெரும்பாலும் படுக்கைக் கணக்கில் தீர்மானிக்கப்படுவது. எரியுலையின் முதல் அறையில் சுமார் 800 டிகிரியும், இரண்டாம் அறையில் சுமார் 1050 டிகிரியும் வெப்பம் இருக்க வேண்டும் என்றும், டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் காற்றில் கலவாதிருக்க, புகை அந்த இரண்டாம் அறையில் 2 விநாடியாவது தங்க வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கூறுகின்றன. அத்தனை வெப்பத்துக்கும் எரிபொருள் வேண்டும்; எரிபொருளுக்குப் பணம் வேண்டும். ஆகவே யோக்கியமாக எரிப்பவனுக்குச் செலவும், இரவில் ஆளில்லாத இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறவனுக்கு லாபமும் சித்திக்கும்படியான அமைப்பு இந்தத் தொழிலின் அடிப்படையிலேயே இருக்கிறது.

இந்த அபாயத்தை உணர்ந்துதான் ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்ட வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றெல்லாம் விதித்திருக்கிறார்கள். பல மருத்துவமனைகளின் கழிவை வாங்கி அழிக்கும் ஒரு பொது நிலையம் சாதாரணமாக 75 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும், போதிய படுக்கைகள் இல்லாத பிரதேசங்களில் 150 கிலோமீட்டர் வரையிலும் சேவை செய்யலாம் என்பது ஏற்பாடு. ஆனால் கேரளத்தில் நெடுங்காலம், இந்திய மருத்துவ சங்கத்தின் மாநிலக் கிளை பாலக்காட்டில் நடத்திய நிலையமே பெருஞ்சுமையைத் தாங்கி வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து அங்கே செல்ல 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தாக வேண்டும். தூரம் குற்றத்துக்குச் சமாதானமாகாது. எனினும் நிலையங்கள் குறைவாயிருக்கும் இடத்தில் குறுக்கு வழிக்காரர்களுக்குக் கிராக்கி அதிகம் என்பதை மறுக்க முடியாது.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய கிராமங்களில் மருத்துவக் கழிவு குவிந்து கிடந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவற்றில் முக்கியமானவை அந்தக் குவியலில் கலந்திருந்த காகிதங்களே. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் விவரங்கள் அவற்றில் இருந்தன. புற்றுநோயாளிகளும் அவர்களில் உண்டு. சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் அகற்றுமாறு கேரளத்துக்கு உத்தரவிட்டது. அந்த மாதத்துக்குள்ளேயே அங்கிருந்து அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றார்கள்.

கழிவு திரும்பிப் போயிற்று. ஆனால் தன் வியாதியை உற்றாரிடம்கூடச் சொல்லத் தயங்கிய ஒரு மனிதரின் பெயர், அயல் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் வழிப்போக்கர் எவரும் எடுத்துப் படிக்கும்படி கிடந்ததற்கு என்ன பரிகாரம்? உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாள்முதல் 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்லுகின்றன. அந்தக் கெடு முடிந்த பிறகு காகிதத்தின் கதி என்ன என்பதில் நம் நிர்வாகங்கள் கொண்டிருக்கும் சிரத்தை மிகச் சொற்பம். வெறுமனே நீளவாட்டில் கிழிப்பது காப்பாகாது. 1979-இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அவசரமாக இயந்திரத்திலிட்டுக் கீற்றுகளாக்கிய ரகசியக் காகிதங்களை, கைப்பற்றியவர்கள் பொறுமையாக இணைத்துப் புத்தகங்களாகவே வெளியிட்டுவிட்டார்கள். ஜெர்மானியத் தர விதிகள் காகித அழிப்பை ஏழு படிகளாக வகுத்து, நான்காம் படியிலேயே ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்று நிர்ணயித்திருப்பது இத்தகைய அனுபவங்களை அறிந்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொள்வதோடு நிற்காமல், முன்னறிவிப்பின்றி உங்கள் பைகளைத் தொடர்ந்து எரியுலை வரையில் ஒருவரை அனுப்புங்கள். பதிவேடுகளை உங்கள் வளாகத்திலேயே, பொறுப்புள்ள ஒருவர் முன்னிலையில், பொடியாக்கிய பின்னரே வெளியே விடுங்கள்.