கழிவுச் சீட்டும் பல்கலைக்கழகப் பாடமும்



"டொக்டருக்குப் படிக்காமல் கணக்கெழுதப் படிக்கப் போறாளாம்" என்று ஒரு தாய் அண்மையில் என்னிடம் கவலைப்பட்டார். நிதியியல், கணக்கியல் துறைகளில் என்ன படிப்பிக்கிறார்கள் என்பதை எங்கள் சீட்டை வைத்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

20 பேர் மாதம் 1000 குறோனர் கட்டுகிறார்கள். முதல் மாதம் அவசரப்பட்டவர் 4000 கழித்து 16,000 எடுக்கிறார். அந்த 4000 என்ன? பணத்தை முந்தி எடுப்பதற்கான விலை, அதாவது வட்டி. இன்றைய குறோனரும் நாளைய குறோனரும் ஒன்றல்ல. நிதியியலின் முதற்பாடமே இதுதான்.

அடுத்த கேள்வி, எடுத்தவர் தொடர்ந்து கட்டுவாரா? 1990களில் நாங்கள் சேர்ந்த சீட்டொன்று இப்படித்தான் முறிந்தது. எட்டு மாதம் கட்டிய பணம் போயிற்று. யார் எவ்வளவு கட்டினார் என்று காட்ட ஒரு துண்டுகூட இருக்கவில்லை.

கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்தை எப்படி அளப்பது என்பது பெரிய ஆராய்ச்சி. 1917இல் தொடங்கிய கொப்பன்ஹேகன் வர்த்தகக் கல்லூரியின் பேராசிரியர் டேவிட் லாண்டோ இத்துறையில் உலகறிந்தவர். 1997இல் வேறு இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கணித முறை, கடனாளியின் தரம் படிப்படியாக இறங்குவதையும் கணக்கில் எடுக்கிறது.

பதிந்த கணக்கு உண்மையா என்று பார்ப்பது கணக்கியலும் கணக்காய்வும். இது எவ்வளவு முக்கியம் என்பதை 2008 காட்டியது. வீடு, காணி வியாபாரத்துக்கு அள்ளிக் கடன் கொடுத்த றொஸ்கில்ட வங்கி விழுந்தது. டென்மார்க் தேசிய வங்கி தலையிட்டுப் பொறுப்பெடுத்தது. வைப்புப் பணம் தப்பியது. வங்கியின் பங்குகளை வாங்கியிருந்த ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பணத்தை இழந்தார்கள்.

பிள்ளைகளுக்கான பாதை இதுதான். முதலில் மூன்று வருட இளமாணி, பிறகு கணக்காய்வில் முதுமாணி. அதன்பின் கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று வருடப் பயிற்சியும் பரீட்சையும் முடித்தால், அரச அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளர் ஆகலாம். யூலண்டில் இருப்பவர்கள் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். அங்கிருந்த வர்த்தகக் கல்லூரி 2007இல் அதனுடன் இணைந்தது. டென்மார்க் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. எஸ்.யூ. என்ற படிப்புதவிப் பணமும் உண்டு.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "உடம்புக்கு வருத்தம் வந்தால் டொக்டர் வேணும். உழைச்ச காசுக்கு வருத்தம் வந்தால் உங்கட மகள் வேணும். அண்டைக்கு எங்கட சீட்டில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால், காசு போயிருக்காது."