தாதிமை வரலாறும் அருங்காட்சியகச் சேகரிப்புகளும்: பொருள்களைச் சான்றாக வாசித்தல்

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய். அகப்பொருள் மரபு அவளுக்குக் கூற்று நிகழ்த்தும் உரிமையை வழங்கியுள்ளது. அச்சொல்லின் வழியே தமிழகத்தில் நோயாளரைப் பேணுவோர் ‘செவிலியர்’ எனப்படுகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘தாதியர்’ என்னும் சொல்லே நிலைபெற்றுள்ளது. இலக்கியச் செவிலிக்குக் கிடைத்த கூற்றுரிமை வரலாற்றில் தாதியர்க்குப் பெரும்பாலும் கிட்டவில்லை. மருத்துவர் ஆய்வுரை எழுதினார். நிருவாகி ஆண்டறிக்கை எழுதினார். தாதியின் பணியோ கையால் செய்யப்பட்டு, நோயாளி வீடு திரும்பியதும் தடயமின்றி மறைந்தது. எனவே தாதிமை வரலாற்றை எழுத முனைவோர்க்கு ஏடுகளோடு பொருள்களும் முதன்மைச் சான்றுகளாகின்றன. அருங்காட்சியகங்களில் உள்ள சில பொருள்களைக் கொண்டு இக்கருத்தை விளக்குவதும், நம் நாட்டுத் தோட்டப்புறத் தாதிமை வரலாற்றுக்கு அது உணர்த்தும் கடமையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கு திருத்தும் வரலாறு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910) பெருமளவில் எழுதிய விதிவிலக்கான தாதி ஆவார். ஆயினும் அவரைப் பற்றிய மிகப் பரவலான படிமம் அவர் எழுத்திலிருந்து தோன்றியதன்று. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் அவர் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அது இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உள்ளது. இரவில் அவர் கைவிளக்குடன் நோயாளரைச் சுற்றிவரும் காட்சியை லண்டன் படப் பத்திரிகை ஒன்று 1855 பிப்ரவரியில் வெளியிட்டது. 1857இல் அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோ அதனைப் பாடினார். காலப்போக்கில் ஓவியரும் சிற்பியரும் அவர் கையில் பண்டைய கிரேக்க, உரோமானிய அகல்விளக்கை ஒத்த ஒன்றை வைத்தனர். தாதியர் கல்லூரிகளின் சின்னங்களில் இன்றும் அவ்வடிவமே காணப்படுகிறது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் 1989இல் திறக்கப்பட்ட நைட்டிங்கேல் அருங்காட்சியகத்தில் உள்ள துருக்கி விளக்கு முற்றிலும் வேறானது. மேலும் கீழும் உலோகத் தட்டுகளைக் கொண்டு, இடையே மடிப்பு மடிப்பாக விரியும் கூட்டினுள் மெழுகுவத்தி எரியும் கைவிளக்கு அது. மடித்து எடுத்துச் செல்லத்தக்கது. காற்றில் சுடர் அணையாதது. அகல்விளக்கு ஒரு தெய்வ உருவத்திற்குப் பொருந்தும்; மடிப்பு விளக்கோ பல மணி நேரம் நடந்து பணியாற்றும் ஒருவர்க்கு உரிய கருவி. நைட்டிங்கேலைத் தியாக உருவாக மட்டும் காணும் பார்வையிலிருந்து, மேலாண்மையும் புள்ளியியலும் அறிந்த பணியாளராகக் காணும் பார்வைக்கு இச்சிறு பொருள் நம்மை அழைத்துச் செல்கிறது.

சான்றாக நின்ற சீருடை

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் மண்ணோடு நேரடித் தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரின்போது மலாக்காவிலும் ஜொகூர் பாருவிலும் இயங்கிய ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனைகளின் தாதியர் பின்னர் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினர். அவர்களுள் 65 பேர் 1942 பிப்ரவரி 12ஆம் நாள் ‘வைனர் புரூக்’ என்னும் கப்பலில் வெளியேறினர். பிப்ரவரி 14ஆம் நாள் அக்கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. 12 தாதியர் கடலில் மாண்டனர். பங்கா தீவின் ராட்ஜி கடற்கரையில் கரையேறிய 22 தாதியரை ஜப்பானிய வீரர்கள் பிப்ரவரி 16ஆம் நாள் கடலுக்குள் நடக்கச் செய்து பின்னிருந்து சுட்டனர். உயிர் தப்பியவர் விவியன் புல்விங்கல் ஒருவரே. எஞ்சிய தாதியரோடு அவரும் போர்க் கைதியானார். அவ்வாறு சிறைப்பட்ட 32 பேருள் 24 பேரே நாடு திரும்பினர்.

புல்விங்கல் அன்று அணிந்திருந்த சாம்பல் நிறப் பருத்திச் சீருடை கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது. குண்டு துளைத்த அடையாளம் அதில் தெளிவாக உள்ளது. சரணடைந்தபோது தோளில் மாட்டிய தண்ணீர்க்குப்பியால் அவ்விடத்தை அவர் மறைத்துக்கொண்டார். கொலைக்குச் சாட்சி உயிரோடிருப்பது தெரிந்தால் தம் உயிர்க்கும் தோழியர் உயிர்க்கும் இறுதி நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். போருக்குப் பின் 1946இல் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் அவர் சாட்சியம் அளித்தார். அச்சாட்சியத்தின் சொற்கள் நீதிமன்ற ஆவணத்தில் உள்ளன. சொல்ல இயலாதிருந்த மூன்றரை ஆண்டுகளின் மௌனத்தை அந்தத் துணியே தாங்கி நிற்கிறது.

அத்தகைய துணியைக் காப்பது எளிதன்று. ஒளி சாயத்தை மங்கச் செய்து இழைகளை நலிவடையச் செய்யும். ஆதலின் பழந்துணிகள் பொதுவாக 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியிலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். நம் வெப்பமண்டலத்தில் இதுவே பெரும் இடர். மருத்துவமனைப் பொருள்களுள் இரப்பராலானவை இறுகி உடைந்து, விரைவில் அழிபவை.

சிங்கப்பூர்: கட்டடமும் குரலும்

சிங்கப்பூரில் ஆகஸ்டு முதல் நாள் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1885இல் பிரெஞ்சுக் கன்னியர் பொது மருத்துவமனையில் தாதிப் பணியைத் தொடங்கியதன் நினைவு அது. 1926இல் எழுந்த பொது மருத்துவமனைக் கட்டடங்களுள் மணிக்கூண்டுடன் எஞ்சி நிற்கும் பௌயர் கட்டடத்தில் 2005ஆம் ஆண்டு மருத்துவமனை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பணி நடந்த இடத்திலேயே பொருள்களைக் காண்பது தனிப் பயன் உடையது.

பொருளுக்குத் துணையாவது குரல். 1979 முதல் சிங்கப்பூரில் அரசு முயற்சியாக வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் தொகுக்கப்பட்டு வருகின்றன. ஒரு கண்ணாடி ஊசிக்குழல் அக்கால மருத்துவ நுட்பத்தைக் காட்டும். அதை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டுக் காத்திருந்த நேரத்தைப் பயன்படுத்தியவரே சொல்ல இயலும்.

தோட்டத்து மருந்துப் பெட்டி

இப்பின்னணியில் நம் தோட்டப்புறத்தை நோக்குவோம். தோட்ட ஆஸ்பத்திரியில் ‘டிரஸ்ஸர்’ என்றழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரே பல இடங்களில் அன்றாட மருத்துவத்தின் முழுப் பொறுப்பையும் சுமந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுதல், கொயினா வழங்குதல், மகப்பேற்றுக்கு உதவுதல் ஆகியவை அவரும் உடனிருந்த பெண் பணியாளரும் ஆற்றியவை. ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பேணிய ஆயாக்களின் பணியையும் இவ்வரலாற்றிலிருந்து பிரித்தல் இயலாது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும் பின்வந்த நகர வளர்ச்சியும் இவ்வாஸ்பத்திரிகள் பலவற்றை இல்லாமலாக்கின.

சில ஆண்டுகளுக்கு முன் டிரஸ்ஸர் ஒருவரின் குடும்பத்தார் நமக்கு ஒரு தகரப் பெட்டியைக் காட்டினர். உள்ளே கண்ணாடி ஊசிக்குழல், எனாமல் தட்டு, இரண்டு நோயாளர் பதிவேடுகள் ஆகியன இருந்தன. நாம் மீண்டும் சென்றபோது, கறையான் அரித்துவிட்டதெனப் பதிவேடுகள் எரிக்கப்பட்டிருந்தன. ஊசிக்குழலும் தட்டும் கழுவித் துடைத்து நமக்காக வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் செய்தது அன்பினால். பிழை நம்முடையது, எது சான்று என்பதை முதல் நாளிலேயே நாம் எடுத்துரைத்திருக்க வேண்டும். அந்த ஊசிக்குழல் இன்று எம்மிடம் உள்ளது. அது யார் யாருக்கு, எந்நோய்க்குப் பயன்பட்டதென்பதை இனி அறிய வழியில்லை.

முடிவுரை

விளக்கும் சீருடையும் பேசுவதற்குக் காரணம், அவற்றோடு அவற்றின் வரலாறும் சேர்த்துக் காக்கப்பட்டமையே. யாருடையது, எங்கே, எக்காலத்தில், எதற்குப் பயன்பட்டது, எவர் கைவழி வந்தது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடையில்லாத பொருள் அருங்காட்சியகத்தில் இருந்தும் ஊமையே. தோட்டப்புறக் குடும்பங்களை நெருங்கி அறிந்தவர்கள் தமிழாசிரியர்கள். மாணவரைக் கொண்டு பாட்டி தாத்தாவிடம் இவ்வினாக்களைக் கேட்டு எழுதச் செய்தல், பொருளைத் துடைப்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் முன் ஒளிப்படம் எடுத்தல், ஏடுகளை ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைத்தல் ஆகியவை பெரும் பொருட்செலவின்றி இயலும். நோயாளர் பெயர் உள்ள ஏடுகளைப் பொதுப்பார்வைக்கு வைக்காமல் காப்பகத்தில் ஒப்படைப்பதே அறம். நாட்டுச் சேகரிப்பில் இடம்பெறத் தகுந்த பொருள் எது என்பதைப் பின்னர் வல்லுநர் முடிவு செய்யலாம். அதற்கு முன் பொருளும் அதன் கதையும் பிரியாமல் இருத்தல் வேண்டும். டிரஸ்ஸர்களையும் ஆயாக்களையும் நேரில் கண்டோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்வது நம் கடன்.