நான்காவது மாடியின் ‘ர்’ ஒலி

1962 நவம்பர். நியூயார்க்கின் பெரிய கடைகளில் ஓர் ஆராய்ச்சி மாணவர் மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். விற்பனையாளர் ஒருவரிடம் போய், “பெண்கள் செருப்பு எங்கே இருக்கு?” என்று கேட்பார். அது நான்காவது மாடியில் இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். “ஃபோர்த் ஃப்ளோர்” என்று பதில் வரும். காதில் விழாதவர் போலச் சற்றே முன்னால் சாய்ந்து, “என்ன சொன்னீங்க?” என்பார். விற்பனையாளர் மறுபடி, இம்முறை நிறுத்தி அழுத்திச் சொல்வார். நன்றி சொல்லி நகர்ந்து, அவர் கண்ணில் படாத இடத்தில் நின்று குறிப்பு எழுதிக்கொள்வார். மாணவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். பதில் சொன்னவர் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்றாரா, ‘ர்’ இல்லாமல் ‘ஃபோத் ஃப்ளோ’ என்றாரா?

அந்த மாணவர் வில்லியம் லபோவ். 1927இல் நியூஜெர்சியில் பிறந்தவர். ஹார்வர்டில் பட்டம் பெற்றபின் பத்தாண்டுக்கும் மேலாக மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்தார். முப்பது வயதைக் கடந்த பிறகுதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூரியல் வைன்ரைக்கிடம் மொழியியல் படிக்கச் சேர்ந்தார். மொழி மாறுவதை நேரில் பார்க்க முடியாது, மாறி முடிந்த பிறகே அறிய முடியும் என்று அறிஞர்கள் பலர் அப்போது நம்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்தே பழகியவர் அதை அப்படியே ஏற்கவில்லை. பேசுகிறவர்கள் இருக்கும் இடத்துக்கே கிளம்பிப் போனார்.

தீவில் கேட்ட உயிரொலி

முதலில் போனது மாசசூசெட்ஸ் கரையோரத்தில் உள்ள மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்கு. நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவில், கோடை வந்தால் வெளியூர்க்காரர்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் 69 பேரை லபோவ் பேட்டி கண்டார். ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் அவர்கள் வாயை அகலத் திறக்காமல், ‘ரெய்ட்’, ‘ஹொவுஸ்’ என்பதை ஒட்டி ஒலித்தார்கள். 1930களில் மொழி வரைபடத்துக்காகத் தகவல் திரட்டியபோது மங்கிக்கொண்டிருந்த பழைய ஒலி இது. முப்பது வருடம் கழித்துத் திரும்ப வலுத்திருந்தது.

சில்மார்க் பகுதி மீனவர்களிடமும், முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரிடமும் அது தூக்கலாகக் கேட்டது. மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது. கரையோர நிலங்கள் ஒவ்வொன்றாக வெளியூர்ப் பணக்காரர்கள் கைக்குப் போயின. எது நேர்ந்தாலும் இந்த மண்ணிலேயே வாழ்வது என்று உறுதியாக இருந்தவர்களின் பேச்சில் அந்த ஒலி மிகுந்திருந்தது. ஊரை விட்டுப் போக நினைத்தவர்களிடம் குறைந்திருந்தது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர்மேல் வைத்த பாசம் அவர்கள் அறியாமலேயே நாக்கில் ஏறியிருந்தது. பேச்சைப் பற்றி நான் படித்த ஆய்வு முடிவுகளில் இதைவிட என் மனதைத் தொட்டது வேறு இல்லை.

மூன்று கடைகள், மூன்று கணக்குகள்

நியூயார்க்கில் அவர் தேர்ந்தெடுத்த கடைகள் மூன்று: பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தரக் குடும்பங்கள் போகும் மேசீஸ், மலிவு விலைக்குப் பெயர்போன எஸ். கிளைன். சுமார் ஆறரை மணி நேரத்தில் 264 பேரின் பேச்சைப் பதிவுசெய்தார். ‘ர்’ ஒலியை முழுதாகவோ ஓரளவோ ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசீஸில் 51 சதவீதம். கிளைனில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். இந்த ஊழியர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை. தங்கள் கடைக்கு வருகிறவர்களின் தோரணையைப் பேச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை அழுத்திச் சொன்னபோது மேசீஸ் ஊழியர்களிடம் ‘ர்’ கணிசமாகக் கூடியது. எது ‘மரியாதையான’ உச்சரிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மரியாதைக்கும் வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போர் வரை, ‘ர்’ஐ விழுங்கிப் பேசுவதுதான் நியூயார்க்கில் கௌரவம், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உரைகளில் அதை இன்றும் கேட்கலாம். போருக்குப் பின் எல்லாம் தலைகீழானது. இங்கிலாந்திலோ இன்றுவரை ‘ர்’ஐ விடுவதே மேட்டுக்குடிப் பேச்சு, அதைச் சுருட்டி ஒலிக்கும் தென்மேற்கு மாவட்டத்தாரைப் பட்டிக்காட்டான் என்பார்கள். ஒலி ஒன்றுதான். ஓரிடத்தில் அது பெருமை, இன்னோரிடத்தில் இழிவு. அந்த மதிப்பைக் கொடுப்பவர்கள் மனிதர்கள்.

நீதிமன்றம் வரை

இந்த உண்மை ஆய்வேட்டோடு நிற்கவில்லை. மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகள் சிலர் வாசிக்கத் தடுமாறினார்கள். பள்ளி தங்கள் பிள்ளைகளின் பேச்சைப் புரிந்துகொள்ளவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். லபோவ் சாட்சி சொன்னார். கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்குக் கறாரான இலக்கணம் உண்டு. ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் அவன் வழக்கமாக வேலை செய்கிறவன். ‘ஹி வொர்க்கிங்’ என்றால் இப்போது வேலையில் இருக்கிறான். பாடநூல் ஆங்கிலம் இவ்வளவு சுருக்கமாகக் காட்டாத வேறுபாடு இது. குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாசிப்பு கற்பிக்க வேண்டும் என்று 1979இல் தீர்ப்பு வந்தது.

லபோவ் 2024 டிசம்பரில், 97 வயதில் காலமானார். மாணவராக இருந்தபோது அவர் வகுத்த ஆய்வு முறை இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடம். நம் வகுப்பறைகளிலும் நேர்முகத் தேர்வு அறைகளிலும் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு உதடு சுழிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆசிரியர்களும் அதிகாரிகளும் பெற்றோரும் இதை மனதில் வைக்க வேண்டும். ஒருவர் ஆங்கிலம் பேசும் விதம், அவர் எங்கே வளர்ந்தார், யாரோடு வாழ்கிறார் என்பதைச் சொல்லும். அவருடைய அறிவை அதைக்கொண்டு அளக்காதீர்கள்.