வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்கலாமா?

வயிற்றிலுள்ள பிள்ளை நலமாக இருப்பதைத் தாய்க்குச் சொல்வது அதன் அசைவு. முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் அது தெரியவரும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடிக்கணும்?" என்று சகோதரிகள் கேட்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. ஒன்று காலையில் உதைக்கும், இன்னொன்று இரவில் நீங்கள் படுத்த பிறகுதான் புரளும். 28 வாரத்திற்குள் அந்த வழக்கம் தாய்க்குப் பிடிபட்டுவிடும். வழக்கம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளை உள்ளே 20 முதல் 40 நிமிடம் தூங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

28 வாரத்திற்குப் பின் சந்தேகம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, 2 மணி நேரம் கவனியுங்கள். விக்கலைச் சேர்க்காமல் 10 அசைவுகூட வரவில்லையா, புறப்படுங்கள். அசைவு அடியோடு நின்றுபோனதாகத் தோன்றினால் அந்த 2 மணி நேரமும் வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்? நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறையும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சப்படுத்துவதற்காகப் பிள்ளை கைகால் அசைப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

"ஒன்பதாம் மாசம் இடம் பத்தாது, புள்ளை அசையாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியல்ல. 32 வாரம் வரை அசைவு கூடும்; பிறகு ஏறக்குறைய அதே அளவில், பிரசவ வலி எடுத்த பின்னும் தொடரும். குத்துவது போய்ப் புரள்வதாக மாறலாம், அவ்வளவுதான்.

இரவில் தண்ணீர் ஓதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம், முதலில் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள், துஆவை நான் இங்கிருந்தே செய்கிறேன் என்பேன். வளைகுடாவில் இருக்கும் கணவர் போனை எடுக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், 108 இருக்கிறது. ரமளானில் அசைவு குறைந்தால் நோன்பை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனால் நோன்பு திறந்து சர்பத் குடித்துப் பார்ப்போம் என்று தாமதிக்காதீர்கள்.

அங்கே வயிற்றில் பட்டை கட்டி 20 நிமிடம் போல இதயத்துடிப்பைப் பதிவு செய்வார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். பெரும்பாலும் "நல்லா இருக்கு" என்றுதான் அனுப்புவார்கள், அல்ஹம்துலில்லாஹ். மறுநாளே மறுபடி குறைந்தால், "நேற்றுத்தானே வந்தோம்" என்று கூச்சப்படாமல் மறுபடியும் போக வேண்டும். கர்ப்பகால அட்டையையும் கடைசி ஸ்கேன் அறிக்கையையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்திருங்கள்.